சிவப்பு மையில் ஒரு நிபந்தனை



நான் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்து வந்த நாளில், ஆண்டுக்கு ஒரு முறை மாணவர்களுக்கு ஒரு சிறு வேலை தருவதுண்டு. வீட்டிலிருக்கும் பழைய நாளிதழ் ஒன்றைக் கொண்டு வந்து, அடிக்கோலால் அளந்து, அதில் செய்தி எத்தனை சென்டிமீட்டர், விளம்பரம் எத்தனை சென்டிமீட்டர் என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் வியந்து போவார்கள். தாங்கள் காசு கொடுத்து வாங்கிய தாளில் செய்தி அத்தனை சிறிதா என்று கேட்பார்கள்.

அவ்வாறு அளந்துகொண்டிருந்த ஒரு நாள், கடைசிப் பலகையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, பொய்யான விளம்பரத்தை எழுதியவன் ஒருவன்; காசு வாங்கிக்கொண்டு அதை அச்சிட்டவன் ஒருவன்; நம்பி ஏமாந்தவன் ஒருவன். குற்றம் யாருடையது?” என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. தப்பித்தோம் என்று வெளியேறினேன் என்பதே உண்மை. அந்த வினாவுக்கு விடை தேடிப் பின்னாளில் நான் படித்தவற்றுள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்த சில நிகழ்ச்சிகள் என் மனத்தை விட்டு அகலவில்லை. அவற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் பத்திரிகைத் தொழிலின் வரவு செலவைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும். 1833-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் ‘சன்’ என்னும் நாளிதழ் ஒரு சென்ட் விலையில் வெளிவந்தது. அதற்குமுன் நாளிதழின் விலை பெரும்பாலும் ஆறு சென்ட். வணிகரும் அரசியலாரும் மட்டும் படித்துவந்த தாளைக் கூலிக்காரரும் வாங்கலாயினர். பின்னர் மரக்கூழிலிருந்து காகிதம் செய்யும் முறை வந்தது. சுழலும் அச்சு இயந்திரங்கள் வந்தன. தாள் மேலும் மலிந்தது. ஆனால் ஒரு சென்ட் காகிதச் செலவுக்கே காணாது. எஞ்சிய செலவை ஈடு செய்தவர் விளம்பரக்காரர். 1900-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், அமெரிக்கப் பத்திரிகைகளின் மொத்த வருவாயில் பாதிக்கு மேல் விளம்பரத்திலிருந்தே கிடைத்தது. வாசகர் தாளுக்கு விலை கொடுப்பதாக எண்ணிக்கொண்டார். அவருடைய கண்களையே விளம்பரக்காரருக்கு விலைபேசி விற்றுக்கொண்டிருந்தார் பத்திரிகை முதலாளி.

அந்த விளம்பரக்காரருள் முன்வரிசையில் நின்றவர் பேடண்டு மருந்து வியாபாரிகள். பெயரே ஒரு பொய். பழங்காலத்தில் இங்கிலாந்து அரசர் சிலருக்கு அளித்த உரிமைப் பட்டயத்திலிருந்து வந்தது அப்பெயர். உண்மையாகவே பேடண்டு பெற வேண்டுமானால், மருந்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதைத்தான் இவர்கள் செய்ய மாட்டார்கள்! புட்டியின் வடிவத்தையும் பெயரையும் மேலொட்டிய சீட்டையும் பதிவு செய்துகொண்டு, உள்ளே இருப்பதை மட்டும் இரகசியமாக வைத்திருந்தார்கள். நம் நாட்டுச் சந்தையில் ‘சர்வரோக நிவாரணி’ என்று கூவி விற்பவரை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர் குரல் சந்தையின் மறுகோடி வரையில்தான் கேட்கும். பத்திரிகையில் ஏறிய நிவாரணியின் குரல் ஒரு கண்டம் முழுவதும் கேட்டது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லின் என்றோர் ஊர். அங்கே லிடியா பிங்கம் என்னும் அம்மையார் 1875-இல் பெண்களின் நோய்க்கென்று ஒரு மூலிகைக் கலவையை விற்கத் தொடங்கினார். கணவர் நொடித்துப்போன குடும்பம். அம்மையாரின் கனிந்த முகத்தையே விளம்பரத்தில் படமாகப் போட்டனர். பாட்டியின் கைம்மருந்து என்று நம்பத் தோன்றும் முகம்! நாடெங்கும் எந்தத் தாளைப் புரட்டினாலும் அந்த முகம் இருந்தது. “ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூசும் துன்பங்களைத் திருமதி பிங்கத்துக்கு எழுதுங்கள், ஒரு பெண்ணே விடை எழுதுவார்” என்பது விளம்பரத்தின் கருத்து. ஆயிரக்கணக்கான பெண்கள் எழுதினர், விடையும் வந்தது. கலவையில் ஏறத்தாழ நூற்றுக்கு 18 பங்கு சாராயச் சத்து இருந்தது என்பது விளம்பரத்தில் இல்லை. விடை எழுதவேண்டிய அம்மையார் 1883-லேயே இறந்துவிட்டார் என்பதும் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல், கல்லறைக்குள் உறங்கிய ஒருவருக்குப் பெண்கள் தம் அந்தரங்கங்களை எழுதிக்கொண்டிருந்தனர்.

ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் ஹார்ட்மன் என்ற மருத்துவர் ‘பெருனா’ என்னும் மருந்தைச் செய்தார். மனிதருக்கு வரும் நோய் அனைத்தும் சளியின் வேறுபாடே என்பது அவர் கொள்கை. தலையில் இருந்தால் தலைச்சளி, வயிற்றில் இருந்தால் வயிற்றுச்சளி, சிறுநீரகத்தில் இருந்தால் சிறுநீரகச்சளி. எல்லாம் சளியானால் எல்லாவற்றுக்கும் மருந்தும் ஒன்றே அல்லவா? பெருனாவில் சாராயச் சத்து நூற்றுக்கு 28 பங்கு வரை இருந்தது. மதுவிலக்குச் சங்கத்தில் உறுதிமொழி எடுத்துக்கொண்ட பெரியவர்களும் வேளை தவறாமல் கரண்டிக்கணக்கில் பருகினர். 1905-இல் அமெரிக்கப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளில் பெருனாவை விற்கக்கூடாதென்று அவர்களுக்கான அரசு அலுவலகமே தடை விதித்தது. அங்கே மது விற்பது சட்ட விரோதம் ஆதலின்!

இவையெல்லாம் பெரியவர்கள் தாமே வாங்கிக் குடித்தவை. பச்சிளங் குழந்தைகளுக்கென்று விற்ற மருந்தைப் பற்றிச் சொல்ல எனக்கு மனம் நடுங்குகிறது. பல் முளைக்கும் போது அழும் குழந்தையைத் தேற்றுவதற்கென ‘திருமதி வின்ஸ்லோவின் தேற்றும் பாகு’ என்று ஒன்று விற்றார்கள். தாயும் மகவுமாக அழகிய படங்கள் அதன் விளம்பரங்களில் வரும். பாகில் இருந்தது அபினிலிருந்து எடுக்கும் மார்பின். அழுத குழந்தை உடனே உறங்கிவிடும். சில குழந்தைகள் விழிக்கவே இல்லை.

விளம்பரங்களுக்குக் கீழே நற்சான்றுக் கடிதங்கள் இருக்கும். “பத்தாண்டாகப் படுக்கையில் கிடந்தேன், மூன்று புட்டியில் எழுந்தேன்” என்ற வகையினவே எல்லாம். நன்றியுணர்ச்சியால் எழுதியவர் சிலர். படம் அச்சில் வருமே என்று எழுதியவர் சிலர். காசுக்கு எழுதியவர் சிலர். நோயாளிகள் எழுதிய கடிதங்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, இத்தனை ஆயிரம் இவ்வளவு விலை என்று மற்ற மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கும் தரகர்களும் இருந்தார்கள். ஒரு பெண் கண்ணீரோடு எழுதிய கடிதம், அவள் அறியாமலே ஊர் ஊராக விலைபோயிற்று.

சரி, பொய் சொன்னார்கள், பத்திரிகைகள் அச்சிட்டன. அதே பத்திரிகையின் மற்றொரு பக்கத்தில் ஆசிரியர் இருக்கிறாரே, நிருபர் இருக்கிறாரே, அவர்கள் உண்மையை எழுதியிருக்கலாகாதா? என் மாணவனின் வினா இங்கேதான் கூர்மை பெறுகிறது.

1905-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஒருநாள், மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையில் ஒரு மசோதா விவாதத்துக்கு வந்தது. விற்கும் மருந்துப் புட்டி ஒவ்வொன்றிலும் உள்ளே இருப்பது இன்னதென்று எழுதி ஒட்ட வேண்டும் என்பது மசோதா. பிற்பகல் முழுவதும் விவாதம் நடந்தது. ஏறத்தாழ இருபது உறுப்பினர் பேசினர். சிறு நோய்க்கென்று இத்தகைய மருந்தைக் குடிக்கத் தொடங்கிக் குடிவெறிக்கு ஆளாகி, அதற்கான விடுதியில் அடைபட்டுக் கிடக்கும் ஓர் இளம்பெண்ணின் கதையை ஓர் உறுப்பினர் எடுத்துரைத்தார். செய்திக்கு வேறென்ன வேண்டும்? மறுநாட் காலையில் பாஸ்டன் நகரின் தாள்களை விரித்தவர் அந்த விவாதத்தைப் பற்றி ஒரு சொல்லும் காணவில்லை. அவையில் நடந்த சில்லறை விஷயங்கள் எல்லாம் இருந்தன. இது மட்டும் நடக்கவே இல்லை!

அடிக்கோலால் அளந்த என் மாணவர்கள் செய்தியையும் விளம்பரத்தையும் அளந்தார்கள். அச்சேறாமற் போனதை அவர்கள் எப்படி அளப்பார்கள்? நானும் அதை அளக்கச் சொல்லித் தந்ததில்லை.

இந்த மௌனத்துக்கு விலை எவ்வளவு, அதை வாங்கிய முறை எது என்பதை வெளிக்கொணர்ந்தவர் மார்க் சல்லிவன் என்னும் இளம் எழுத்தாளர். ஹார்வர்டில் சட்டம் பயின்றவர் அவர். மருந்துக் கம்பெனிகள் பத்திரிகைகளுடன் செய்துகொள்ளும் விளம்பர ஒப்பந்தத் தாள்களை அவர் தேடிப் பிடித்தார். அவற்றில் சிவப்பு எழுத்தில் ஒரு நிபந்தனை அச்சிடப்பட்டிருந்தது. அந்த மாநிலத்தில் மருந்து செய்வதையோ விற்பதையோ கட்டுப்படுத்தும் சட்டம் எதுவும் நிறைவேறுமானால், இந்த ஒப்பந்தம் செல்லாது என்பது அதன் சாரம். சில கம்பெனிகளின் ஒப்பந்தத்தில் மற்றொன்றும் இருந்தது: கம்பெனியின் நலனுக்கு ஊறு செய்யும் எதையும் செய்திப் பத்திகளில் வெளியிட்டாலும் ஒப்பந்தம் செல்லாது.

இந்த நிபந்தனையைப் பரப்பியவர் டொலீடோ நகரின் செனி என்பவர். சளி மருந்து ஒன்றின் உடைமையாளர். மருந்து உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். சங்கக் கூட்டத்தில் அவர் தம் உபாயத்தைப் பெருமையுடன் விளக்கினார். ஒருமுறை இல்லினாய் மாநிலத்தில் தமக்கு 300 டாலர் வரி போடப் பார்த்தார்களாம். அவர் சட்டமன்றத்துக்குப் போகவில்லை, வழக்கறிஞரை அமர்த்தவில்லை. சுமார் நாற்பது பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார்: நம் ஒப்பந்தத்தைப் பாருங்கள், இந்தச் சட்டம் வந்தால் நம் வியாபாரம் நின்றுவிடும், அவ்வளவுதான். அடுத்த வாரமே அப்பத்திரிகைகள் யாவும் அந்த மசோதாவை எதிர்த்து எழுதின. இதைச் சங்க உறுப்பினர்களுக்கு மட்டும் சொல்வதாக எண்ணி அவர் சொன்னார். ஆனால் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு சல்லிவனின் கைக்கு வந்துவிட்டது.

செனி பத்திரிகைகளைப் பொய் எழுதச் சொல்லவில்லை என்பதை நோக்குங்கள். இலஞ்சமும் கொடுக்கவில்லை. அவரவர் வயிற்றை நினைவூட்டினார். மற்றதை வயிறு பார்த்துக்கொண்டது. ஊர்தோறும் இருந்த சிறு பத்திரிகைகளுக்கு மருந்து விளம்பரம் போனால் அச்சுக்கூடத்தையே மூட வேண்டியதுதான். அந்த ஆசிரியர்களைப் பற்றிக் கடுமையாகப் பேச எனக்கு நா எழவில்லை. பெருநகரங்களில் கோடி கோடியாக ஈட்டிய முதலாளிகளும் அதே சிவப்பு வரியின் கீழ்க் கையெழுத்திட்டார்களே, அவர்களுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

மௌனத்தை உடைத்தவை மருந்து விளம்பரத்தைச் சார்ந்திராத சஞ்சிகைகளே என்பது தற்செயல் அன்று. ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ என்னும் மாதர் சஞ்சிகை 1892-லேயே மருந்து விளம்பரங்களை ஏற்பதில்லை என்று முடிவு செய்திருந்தது. அதன் ஆசிரியர் எட்வர்ட் பாக், சிறுவயதில் ஹாலந்திலிருந்து வந்து குடியேறியவர். அவர் 1905-இல் ஓர் அரிய காரியம் செய்தார். “திருமதி பிங்கத்துக்கு எழுதுங்கள்” என்னும் விளம்பரத்தையும், லின் ஊர் இடுகாட்டிலுள்ள அந்த அம்மையாரின் கல்லறையின் புகைப்படத்தையும் வெளியிட்டார். கல்லறையில் 1883 என்னும் ஆண்டு தெளிவாகத் தெரிந்தது. விளக்கவுரை வேண்டியிருக்கவில்லை. இன்று விடை எழுதும் திருமதி பிங்கம் அம்மையாரின் மருமகள் என்று கம்பெனி சமாதானம் கூறிற்று; அவரும் திருமதி பிங்கம்தானே!

சல்லிவன் ஒப்பந்தங்களைப் பற்றி எழுதிய கட்டுரை மாதர் சஞ்சிகைக்கு மிக நீண்டதாக இருந்ததால், ‘காலியர்ஸ்’ என்னும் வாரப் பத்திரிகைக்குச் சென்று 1905 நவம்பரில் வெளிவந்தது. அதே வாரப் பத்திரிகையில் அக்டோபர் 7-ஆம் நாள் முதல் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்பவரின் கட்டுரைத் தொடர் வந்துகொண்டிருந்தது. அமெரிக்கர் ஆண்டுக்கு ஏழரைக் கோடி டாலர் இம்மருந்துகளுக்குச் செலவிடுகின்றனர் என்று தொடங்கினார் ஆடம்ஸ். வசைபாடவில்லை, மருந்துகளை வாங்கி இரசாயன அறிஞர்களிடம் கொடுத்துச் சோதித்தார். நோய்க் கிருமிகள் அனைத்தையும் கொல்லும் என்று விளம்பரமான ‘லிக்கோசோன்’ என்னும் மருந்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர்; எஞ்சியது கந்தகச் சார்பான அமிலங்கள். பெயர் பெயராக, புட்டி புட்டியாக அவர் எழுதினார்.

மக்கள் விழித்துக்கொண்டனர். வேளாண்மைத் துறையின் தலைமை இரசாயன அறிஞரான ஹார்வி வைலி பல்லாண்டாக உணவுக் கலப்படத்தை எதிர்த்துப் போராடி வந்தவர். அப்டன் சின்க்ளேரின் நாவல் ஒன்று சிகாகோ இறைச்சிக் கூடங்களின் அருவருப்பை 1906-இல் வெளிப்படுத்தியது. எல்லாம் ஒன்றுகூடி, 1906 ஜூன் 30-ஆம் நாள் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் தூய உணவு மற்றும் மருந்துச் சட்டத்தில் கையொப்பமிட்டார். புட்டியின் மேற்சீட்டில் சாராயம், அபின், மார்பின், கொக்கெய்ன் முதலியன எவ்வளவு உள்ளன என்று எழுத வேண்டும் என்றாயிற்று. பாகில் மார்பின் உண்டு என்பதைத் தாய்மார் முதன்முதலாகக் கண்ணால் கண்டனர்.

ஆயினும் சட்டத்தில் ஒரு பெரிய பொத்தல் இருந்தது. அது மேற்சீட்டோடு நின்றது. பத்திரிகை விளம்பரத்தைத் தொடவே இல்லை. புட்டியில் உண்மையும் பத்திரிகையில் பொய்யுமாக வியாபாரம் தொடர்ந்தது. வியாபாரிகளின் சாமர்த்தியத்தைப் பாருங்கள்: “அரசாங்கச் சட்டத்தின்படி உத்தரவாதம் பெற்றது” என்று அச்சிட்டுக்கொண்டு, சட்டத்தையே ஒரு நற்சான்றாக மாற்றிவிட்டனர். 1911-இல் புற்றுநோய் மருந்து ஒன்றைப் பற்றிய வழக்கில், சேர்ந்த பொருளைப் பற்றிய பொய்யைத்தான் சட்டம் தடுக்கிறது, நோய் தீரும் என்று சொல்லும் பொய்யை அன்று என உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. மறு ஆண்டு திருத்தம் வந்தது. அதுவும் ஏமாற்றும் நோக்கத்தை மெய்ப்பித்தால்தான் தண்டனை என்றது. தம் மருந்தைத் தாமே நம்புவதாக ஒருவர் சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது. அதே 1912-இல் அஞ்சல் சட்டத்தில் சேர்ந்த ஒரு விதி, காசு வாங்கிக்கொண்டு செய்தி போல அச்சிடுபவற்றுக்கு ‘விளம்பரம்’ என்று தலைப்பிட வேண்டும் என்றது. இன்றைக்கும் பத்திரிகைகளில் மூலையில் சிறு எழுத்தில் அவ்வாறு போடுவதைக் காண்கிறீர்கள் அல்லவா? அந்த வழக்கத்தைச் சட்டமாக்கிய தொடக்க கால விதிகளில் அது ஒன்று.

இனி நாடகக் கொட்டகை. மருந்துக்கும் நாடகத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஊர் ஊராகக் கூடாரம் அடித்து, ஆட்டமும் பாட்டும் இலவசமாகக் காட்டி, இடைவேளையில் மருந்து விற்பது அமெரிக்காவில் வழக்கமாயிருந்தது. ‘விஸார்ட் ஆயில்’ என்னும் தைலத்தால் செல்வரான ஹாம்லின் என்பவர் முன்பு செப்படி வித்தைக்காரர். சிகாகோவில் ஒரு பெரிய நாடக அரங்குக்கும் உரிமையாளரானார். அவர் மகன் தயாரித்த ‘விஸார்ட் ஆஃப் ஆஸ்’ இசை நாடகம் 1902-இல் அந்த அரங்கில்தான் முதன்முதல் நடந்தது. பிரான்ஸ் நாட்டின் புகழ்மிக்க நடிகை சாரா பெர்ன்ஹார்ட், கொக்கா இலை ஊறிய மதுவாகிய ‘வின் மரியானி’க்கு நற்சான்று தந்தார். மேடையும் மருந்தும் ஒரே சந்தையின் இரு கடைகள்.

நாடக விளம்பரம் பெரும்பாலும் சிறு சிறு கட்டங்களாக ‘கேளிக்கைகள்’ என்னும் தலைப்பின்கீழ் வரும்: அரங்கின் பெயர், நடிகர் பெயர், மணி, கட்டணம். அதோடு நில்லாமல் செய்திப் பத்தியிலேயே நுழையும் வித்தையையும் கற்றிருந்தார்கள். 1896-இல் ஸீக்ஃபெல்ட் என்னும் தயாரிப்பாளர், ஆனா ஹெல்ட் என்ற நடிகையை நியூயார்க்குக்கு அழைத்துவந்தார். நடிகை நாள்தோறும் பாலில் குளிக்கிறார், பால்காரருக்குப் பணம் தரவில்லை, பால்காரர் வழக்குத் தொடுத்துவிட்டார் என்ற செய்தி பத்திரிகைகளை நிறைத்தது. எல்லாம் ஏற்பாடு செய்த கட்டுக்கதை! இதனால் யாருக்கும் தீங்கில்லை, பாலும் வீணாகவில்லை. சிரித்துவிட்டுப் போகலாம்.

ஆனால் சிகாகோவில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பு வராது. 1903 நவம்பரில் ‘இராக்குவா’ என்னும் புதிய நாடக அரங்கு திறக்கப்பட்டது. அதன் நிகழ்ச்சித் தாளிலும் விளம்பரத்திலும் “முற்றிலும் தீப்பிடிக்காதது” என்னும் சொற்கள் இருந்தன. கட்டும்போதே சென்று பார்த்த ஒரு கட்டடத் தொழில் சஞ்சிகையின் ஆசிரியர் குறைகளைச் சுட்டியிருந்தார். அதைப் படித்தவர் சிலரே. டிசம்பர் 30-ஆம் நாள், கிறிஸ்துமஸ் விடுமுறைப் பகற்காட்சி. அன்னையரும் பிள்ளைகளுமாக அரங்கம் நிரம்பி வழிந்தது. மேடை விளக்கிலிருந்து தெறித்த பொறி திரைச்சீலையைப் பற்றிக்கொண்டது. தீயைத் தடுக்க வேண்டிய கல்நார்த் திரை பாதியில் சிக்கிக்கொண்டது. வெளியேறும் வாயில்கள் சில பூட்டியிருந்தன. சில அலங்காரத் திரைக்குப் பின்னே மறைந்திருந்தன. சில நிமிடங்களில் மடிந்தவர் அறுநூறுக்கும் மேற்பட்டோர். அவர்களுள் எத்தனை பேர் உங்கள் வயதினர்! கட்டடம் பெரிதும் எரியவில்லை என்பதால் விளம்பரம் பொய்யில்லை என்று வாதாடுவாரும் இருந்தனர். வழக்குகள் நடந்தன, அரங்கின் உடைமையாளர் எவரும் தண்டனை பெறவில்லை.

அந்த அரங்கில் பங்குடையவர்களான கிளா, எர்லாங்கர் என்னும் இருவர், 1896-இல் அமைந்த ‘நாடகச் சிண்டிகேட்’ என்னும் கூட்டு வணிகத்தின் தலைவர்கள். நாடெங்கும் எந்த ஊரில் எந்த நாடகம் நடக்கலாம் என்பதை அவர்களே முடிவு செய்தனர். அவர்கள் விளம்பரத்தை நம்பியிருந்த பத்திரிகைகள் அவர்களைக் குறை கூறத் தயங்கின. ‘லைஃப்’ என்னும் நகைச்சுவை வாரப் பத்திரிகை தயங்கவில்லை. சிகாகோ தீவிபத்துக்குப் பின் அவர்களைச் சாடிக் கேலிப் படம் போட்டது. அவர்கள் அவதூறு வழக்குத் தொடுத்துத் தோற்றனர். பின்பு 1905-இல், அப்பத்திரிகையின் நாடக விமரிசகர் மெட்காஃப் என்பவரை நியூயார்க் நகரின் 47 அரங்குகளில் நுழையவிடக் கூடாதென்று அரங்க உரிமையாளர் கூடித் தீர்மானித்தனர். நீதிமன்றம் சென்றும் அவருக்கு வெற்றி கிட்டவில்லை. ஒன்று சொல்ல வேண்டும்: மெட்காஃபின் எழுத்தில் யூத இனத்தார்மீது வெறுப்புத் தொனித்தது. ஆதலின் அவரை அப்பழுக்கற்ற வீரராக உங்கள்முன் நிறுத்த எனக்கு விருப்பமில்லை. நியாயமான வழக்குக்கு எப்போதும் நியாயமான மனிதரே கிடைத்துவிடுவதில்லை.

பத்தாண்டு கழித்து வந்தது மற்றொரு வழக்கு. சிண்டிகேட்டின் ஏகபோகத்தை எதிர்த்துப் புறப்பட்டவர்கள் ஷூபர்ட் சகோதரர். காலப்போக்கில் தாமே பெரும் அதிபதிகளாகிவிட்டனர். 1915 மார்ச்சில் அவர்களுடைய நாடகம் ஒன்று அவ்வளவாகச் சிரிப்பு மூட்டவில்லை என்று ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் விமரிசனம் வந்தது. எழுதியவர் அலெக்சாண்டர் உல்காட், அப்போது 28 வயது இளைஞர். கடுமையான விமரிசனமும் அன்று. ஷூபர்ட் சகோதரர் அடுத்த நாடகத்துக்கு இருக்கைச் சீட்டுகளை அனுப்பி, வேறு விமரிசகரை அனுப்புமாறு கேட்டனர். உல்காட் தாமே காசு கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு சென்றார். வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டார்.

மாசசூசெட்ஸில் நடந்ததை நினைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள். ஷூபர்ட் சகோதரர் பெரும் விளம்பரக்காரர். பத்திரிகை வேறொரு விமரிசகரை அனுப்பியிருந்தால் காரியம் அமைதியாக முடிந்திருக்கும். வாசகருக்குத் தெரிந்தே இராது. பத்திரிகை உடைமையாளர் அடால்ஃப் ஆக்ஸ் அதற்கு இசையவில்லை. விமரிசகரை மாற்ற மறுத்தார், நீதிமன்றம் சென்றார், அத்துடன் ஷூபர்ட் அரங்குகளின் விளம்பரங்களை இனி வெளியிடுவதில்லை என்று தாமே நிறுத்திவிட்டார். விளம்பரக்காரர் பத்திரிகையிலிருந்து விளம்பரத்தை எடுத்துக்கொள்வது பழைய கதை. பத்திரிகையே விளம்பரத்தைத் திருப்பி அனுப்பியது புதிய கதை. நாள்தோறும் கேளிக்கைப் பத்தியில் அந்த அரங்குகள் இருந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று.

முதலில் பத்திரிகைக்குச் சாதகமாகத் தடையுத்தரவு கிடைத்தது. மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. 1916 பிப்ரவரியில் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் ஷூபர்ட் சகோதரருக்கே வெற்றி அளித்தது. இனம், மதம், நிறம் இவற்றின் பொருட்டு ஒருவரைத் தடுப்பதையே சட்டம் விலக்குகிறது. நாடகத்தைக் குறை சொன்னார் என்பதற்காகத் தடுப்பதை விலக்கவில்லை என்றது தீர்ப்பு. சட்டத்தில் தோற்றவர் ஊரில் வென்றார். வழக்கினால் உல்காட்டின் பெயர் நகரெங்கும் பரவியது. அவர் எழுத்தைத் தேடிப் படித்தனர். மக்கள் படிக்கும் தாளில் தம் நாடகத்துக்கு விளம்பரமும் இல்லை, விமரிசனமும் இல்லை என்னும் நிலை அரங்க உரிமையாளருக்குக் கட்டுப்படியாகவில்லை. தீர்ப்பு வந்த அந்த ஆண்டு முடிவதற்குள் தடையை அவர்களே நீக்கிக்கொண்டனர்.

மருந்து விளம்பரத்தைத் தட்டிக் கேட்கும் அதிகாரம் அமெரிக்கக் கூட்டரசின் வணிக ஆணையத்துக்கு 1938-இல் கிடைத்தது. முறையாகச் சீட்டு வாங்கி வரும் ஒருவரை நாடக அரங்கின் வாயிலில் காரணமின்றித் திருப்பியனுப்பக் கூடாது என்னும் சட்டம் நியூயார்க் மாநிலத்தில் 1941-இல் வந்தது. வாயிலில் நின்று திரும்பிய நாளிலிருந்து உல்காட் அதற்கு இருபத்தாறு ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.